அக்டோபர் குளிரில் எழுபது பேருக்குச் சாப்பாடு

சாப்பாட்டுக்காகக் கொடுத்த 450 டாலர் அட்வான்ஸ் போனது போனதுதான், அதைத் திரும்ப வாங்க இனி நான் யார் பின்னாலும் அலையப் போவதில்லை. ஆனால் அந்த வாரம் நான் பட்ட பாட்டில் பாதியை, முன்பே யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் பட்டிருக்கவே வேண்டாம். இணையத்தில் தேடினால் இலையுதிர் கால விருந்து என்று பூசணிக்காய் 'பை' என்கிற இனிப்பும் வான்கோழியும்தான் வருகின்றன. நம் சாப்பாட்டை இந்தக் குளிரில், வெளியிடத்தில், எழுபது பேருக்கு எப்படிக் கொடுப்பது என்று எழுதியவர்கள் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். அப்பா, அம்மா விசிட்டர் விசாவில் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு எழுபது. பீமரத சாந்தியை ஊருக்குப் போய்ச் செய்துகொள்ளலாம், இங்கே இருக்கிற சொந்தம், நண்பர்களுக்கு ஒரு மத்தியானச் சாப்பாடு மட்டும் போடலாம் என்று முடிவு. அக்டோபர் கடைசி சனிக்கிழமை. இலைகள் எல்லாம் சிவந்து மஞ்சளாகி நிற்கும், படம் நன்றாக வரும் என்று ஆசைப்பட்டு கவுண்டி பார்க்கில் ஒரு பிக்னிக் பெவிலியனைப் பிடித்தோம். மேலே கூரை, கீழே சிமென்ட் தரை, நீள மேசைகள், சுற்றிச் சுவர் கிடையாது. சாப்பாட்டுக்கு, வீட்டிலிருந்தே சமைத்துத் தரும் ஒருவரிடம் தலைக்கு 16 டாலர் என்று பேசி, அட்வான்ஸை போன் ஆப் வழியாக அனுப்பியிருந்தேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு மெசேஜ்: "ஸாரி, சனிக்கிழமை முடியாது." அவ்வளவுதான். போன் எடுக்கவில்லை. என் கணவரோ வேலை விஷயமாக டெக்சாஸில், சனிக்கிழமை காலையில்தான் வருவார். அன்று ராத்திரி எனக்கு அழுகை வந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்குத் தெரியக் கூடாதென்று குளியலறையில் தண்ணீரைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலையில் கேட்டரர்களை வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். அக்டோபர், நவம்பர் இங்கே நம்மவர்களுக்குக் கல்யாண மாதம் மாதிரி. நவராத்திரி முடிந்ததும் தீபாவளி, நடுவில் வளைகாப்பு, பிறந்தநாள், கிரகப்பிரவேசம் என்று பனி கொட்டுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்ப்பார்கள். "நாலு நாள்ல எப்படிங்க?" என்று சிலர் சிரித்தார்கள். ஒப்புக்கொண்ட ஒருவர் தலைக்கு 25 டாலர் கேட்டார். பேங்கைக் கூப்பிட்டால், நீங்களே சம்மதித்து அனுப்பிய பணம், எங்களால் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பொருள் வரவில்லை என்று மறுப்பு எழுப்பியிருக்கலாம். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. நியூ ஜெர்சியில் வீட்டுச் சமையலறையில் செய்ததை விற்க அனுமதி வந்ததே 2021 அக்டோபரில்தான். அதுவும் பிரெட், குக்கீஸ், மிட்டாய் மாதிரி ஃப்ரிட்ஜ் இல்லாமலே கெடாத பண்டங்களுக்கு மட்டும். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் அதில் அடங்காது. அதாவது வீட்டிலிருந்து முழுச் சாப்பாடு தருகிறவர் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும், பிரச்சினை வந்தால் நமக்குப் பேச ஒரு காகிதம் இருக்காது. வீட்டில் சமைத்துத் தருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எத்தனையோ பேர் அதை நாணயமாகச் செய்கிறார்கள். ஆனால் பெரிய தொகையை முன்பணமாகக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் கார்டில் கட்ட முடிகிற, லைசென்ஸ் உள்ள சமையலறை வைத்திருக்கிறவரிடம் கொடுங்கள். கேன்சல் செய்தால் என்ன என்பதை ஒரு வரி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, நாமே சமைப்போம் என்று முடிவு செய்து வியாழன், வெள்ளி லீவு போட்டேன். முதலில் கைவிட்டுப் போன அந்த கேட்டரர் கொடுத்திருந்த மெனுவையே எடுத்து வைத்துக்கொண்டேன்: இட்லி, மெதுவடை, வெண்பொங்கல், தேங்காய்ச் சட்னி, பிசிபேளா பாத், தயிர் சாதம், கேசரி. பார்க்கப் பார்க்க, இதை அவரே செய்திருந்தாலும் அன்று சரியாக வந்திருக்காது என்று புரிந்தது. முன்னறிவிப்பில் சனிக்கிழமை மத்தியானம் 52 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 11. கூடவே காற்று. நெய் அந்தக் குளிரில் உறைந்துவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியசிலேயே கெட்டியாகிவிடும். நெய் மிதக்கிற வெண்பொங்கலைத் தட்டில் வைத்த பத்தாவது நிமிடம் அது அப்படியே பிளாஸ்டர் கட்டியாக நிற்கும், வாயில் மெழுகு ஒட்டும். சாதமும் ஆறினால் விறைக்கும். மாவு புளிக்கிற கதை தனி. வீட்டுக்குள் 66 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கிற நாளில், ஓவனில் விளக்கைப் போட்டு உள்ளே வைத்தால்தான் மாவு பொங்கும். ஒரு பாத்திரத்துக்கு அது சரி, எழுபது பேர் மாவுக்கு ஓவன் எங்கே? அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள்: "ஊர் மெனுவ விட்டுத் தள்ளும்மா. இங்க என்ன விளையுது, எது ஆறினாலும் திங்க முடியும், அதப் பாரு."

நல்லெண்ணெய் இந்தக் குளிருக்கு உறையாது. அதனால் புளியோதரை உள்ளே வந்தது, அதுவும் வழக்கத்தைவிட எண்ணெய் கொஞ்சம் தாராளமாக. சாம்பார் சாதம், ஆனால் நெய்க்குப் பதில் தாளிப்பும் நல்லெண்ணெயில். ரசம் நிறைய. கொண்டைக்கடலைச் சுண்டல், ஏனென்றால் அது சூடாகவும் சரி, ஆறியும் சரி. மீதியெல்லாம் காய் பார்த்து முடிவு செய்யலாம் என்று வியாழக்கிழமை காலையில் ஃப்ரீஹோல்ட் பக்கம் இருக்கிற ஒரு பண்ணைக் கடைக்குப் போனேன். இதில் ஒரு சின்ன விஷயம்: அக்டோபர் சனி, ஞாயிறில் பண்ணைப் பக்கமே போகாதீர்கள். வைக்கோல் வண்டிச் சவாரி, சோளக்காட்டுப் புதிர்ப்பாதை, பூசணிக்காய்ப் படம் என்று ஊரே அங்கேதான் இருக்கும், கார் நிறுத்தவே ஒரு மணி நேரம் ஆகும். வார நாளில் காலையில் போனால் கடைக்காரரே எது நேற்றுப் பறித்தது என்று சொல்லித் தருவார்.

அங்கே வாசலில் மலை மாதிரிக் குவித்திருக்கும் ஆரஞ்சுப் பூசணிகளைப் பார்த்து மயங்காதீர்கள். அவை முகம் செதுக்குவதற்கு வளர்த்தவை, நாரும் தண்ணீரும்தான், சமைத்தால் ருசி இருக்காது. நம் பரங்கிக்காய்க்குக் கிட்ட வருவது கபோச்சா, பச்சைத் தோலோடு சப்பையாக இருக்கும், கொரியக் கடைகளில் வருஷம் முழுக்கவே கிடைக்கும். பண்ணையில் அது இல்லை, அதனால் பட்டர்நட் வாங்கினேன், பவுண்டு 99 சென்ட். எடிசன் பக்கம் ஓக் ட்ரீ ரோட்டில் இருக்கிற நம்மவர் கடைகளில் அன்று கத்தரிக்காயும் வெண்டைக்காயும் விற்ற விலைக்கு இது பாதிகூட இல்லை. பட்டர்நட்டில் ஒரு தொல்லை: தோல் சீவுகிறபோது ஒரு பால் கசியும், அது காய்ந்தால் கையில் பிசின் மாதிரி இறுகிச் சிலருக்குத் தோலே உரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எண்ணெயாவது தடவிக்கொள்ளுங்கள். காயை முள்கரண்டியால் அங்கங்கே குத்தி இரண்டு மூன்று நிமிடம் மைக்ரோவேவில் வைத்தால் தோல் இளகிவிடும். சாம்பார் சாதத்தில் இதை முதலிலேயே போட்டால் கரைந்து காணாமல் போகும். துண்டுகளாக நறுக்கி, ஓவனில் தனியாக வாட்டி, கடைசியில் கலந்தேன். அந்த இனிப்பும் புளியும் சேர்ந்த ருசிக்காகவே இனி எல்லா அக்டோபரிலும் செய்வேன். மிஞ்சிய பட்டர்நட் துருவல் அல்வாவாகிவிட்டது. கேசரியை விட அது மேல், ரவை மாதிரி ஆறியதும் கட்டியாகாது. ஆனால் நெய்யைக் குறையுங்கள்.

அந்தப் பண்ணையில் கிடைத்த பெரிய யோகம் பச்சைத் தக்காளி. முதல் உறைபனி விழுந்தால் செடி கருகிவிடும் என்பதால் அக்டோபர் பாதியில் இருக்கிற காயையெல்லாம் பறித்துவிடுகிறார்கள். வறுத்த கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, மிளகாய், பெருங்காயத்தோடு அரைத்தால் துவையல் அருமையாக இருக்கும். தேங்காய்ச் சட்னிக்கு இருக்கிற கெட்டுப்போகும் பயமும் இதில் குறைவு. ஊறுகாய்க்கு கிரான்பெர்ரி. இதே மாநிலத்தில் பைன் பேரன்ஸ் பகுதியில் விளைகிறது, அக்டோபரில் வயலில் தண்ணீரை நிரப்பி, மிதக்கிற பழத்தை வாரி எடுப்பார்கள். அது அசல் புளிப்பு, புளியே வேண்டாம். நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, பழத்தைக் கொட்டி, ஒவ்வொன்றாக வெடித்து மசிந்ததும் மிளகாய்த்தூள், வறுத்த வெந்தயப்பொடி, பெருங்காயம், கையளவு வெல்லம். முக்கால் மணி நேரத்தில் தொக்கு தயார். 340 கிராம் பாக்கெட் ஒன்று இருபத்தைந்து பேருக்குத் தாராளம். பச்சைப் பழத்தைப் பாக்கெட்டோடு ஃப்ரீசரில் போட்டு வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். டிசம்பர் முடிந்தால் கடையில் கிடைக்காது, அதனால் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பொரியலுக்கு ப்ரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ், குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இருக்குமே, அது. குளிர் பட்டதும் இனிப்பு ஏறும் காய் அது. மெல்லியதாக நறுக்கி, பெரிய தீயில், கொஞ்சம் கொஞ்சமாக வதக்கித் தேங்காய் தூவினால் ருசி. ஆனால் சூட்டோடு மூடி வைத்தால் மஞ்சளாகி ஒரு கந்தக நாற்றம் வரும். எனவே அதைச் சூடாகக் கொண்டுபோக முயலவே வேண்டாம். சனிக்கிழமை காலையில் கடைசியாகச் செய்து, ஆற விட்டுத் திறந்த தட்டில் கொண்டுபோனேன். போட்ட ஒரு மணி நேரத்தில் காலி.

இப்போது பயமுறுத்துகிற பகுதி. வெள்ளிக்கிழமை மாலை சுண்டலுக்கான கடலை, புளிக்காய்ச்சல், சாம்பார் சாதத்துக்குப் பருப்பும் குழம்பும் என்று அடுப்பில் பெரிய பெரிய பாத்திரங்கள். ஃப்ரிட்ஜில் இடமில்லை. தோழி ஒருத்தி, "கராஜ்ல வைடி, குளிர்காலத்துல அதுதான நமக்கு ரெண்டாவது ஃப்ரிட்ஜ்" என்றாள். இதை இங்கே எல்லோரும் செய்கிறார்கள், ஜனவரியில் சரிதான். தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன், கராஜ் 58 டிகிரி ஃபாரன்ஹீட். ஃப்ரிட்ஜ் என்றால் 40க்குக் கீழே இருக்க வேண்டும். 58இல் ராத்திரி முழுக்க இருந்த பருப்பு காலையில் நுரைத்திருக்கும், நுரைக்கவில்லை என்றால் இன்னும் ஆபத்து, கெட்டது தெரியாமலே பரிமாறிவிடுவோம். இங்கே உணவகங்களுக்கான விதி இது: சமைத்ததை 135 டிகிரியிலிருந்து 70க்கு இரண்டு மணி நேரத்தில் இறக்க வேண்டும், அடுத்த நாலு மணி நேரத்தில் 41க்கு. ஒரு பெரிய அண்டாவில் இருக்கிற குழம்பு தானாக அப்படி ஆறவே ஆறாது. இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டையான தட்டுகளில் பிரித்து ஊற்றி, ஐஸ் பரப்பிய தட்டுகள் மேல் வைத்து ஆற்றினேன். பிறகு கூலர் பெட்டியில் ஐஸ் கொட்டி அதற்குள் அடுக்கினேன். ஐஸ் மட்டும் 30 டாலர் ஆனது. சாதத்தை முந்தின நாள் வடிக்கவே இல்லை. வடித்து வெளியே கிடக்கும் சாதத்தில் வருகிற கிருமி மறுபடி சூடுபண்ணினாலும் விடாது, அதன் நஞ்சு சூட்டுக்கு அழியாது. எழுபது பேரில் பாதிப் பேர் குழந்தைகளும் வயதானவர்களும். சனிக்கிழமை அதிகாலையிலேயே அரிசியைக் கழுவிப் போட்டோம், அம்மா தாளிக்க, நான் கிளற.

சூட்டைக் காப்பாற்றியது இரண்டு சாமான்கள். ஒன்று, அதே கூலர் பெட்டிதான். கொதிக்கிற தண்ணீரை அதில் ஊற்றி மூடி அரை மணி நேரம் விட்டு, கொட்டிவிட்டு, துண்டைப் போட்டு, சுடச்சுட ஃபாயில் தட்டுகளை மூடி உள்ளே அடுக்கினால், ஐஸைக் காக்கிற பெட்டி சூட்டையும் காக்கும். பத்து மணிக்கு வைத்த புளியோதரை ஒரு மணிக்கு எடுக்கும்போதும் 150 டிகிரிக்கு மேல் இருந்தது. இன்னொன்று, வான்கோழி வறுக்கிற எலெக்ட்ரிக் ரோஸ்டர். தேங்க்ஸ்கிவிங்குக்காக அக்டோபரிலேயே கடைகளில் குவிப்பார்கள், பெரியது எனக்கு ஐம்பது டாலர் சுமாருக்குக் கிடைத்தது. சாம்பார் சாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை. இரண்டு வாங்கினேன். பெவிலியனில் பிளக் இருக்கிறதா என்று கேட்டு வைத்திருந்தேன், எத்தனை லைன் என்று கேட்கத் தோன்றவில்லை, யாருக்குத்தான் தோன்றும்? ஒரு ரோஸ்டர் 1450 வாட். 15 ஆம்ப் லைன் ஒன்று 1800 வாட்தான் தாங்கும். ஒரே தூணில் இரண்டையும் சொருகியதும் டப்பென்று போனது. பார்க் அலுவலக நம்பரைக் கூப்பிட்டு, ஆள் வந்து பெட்டியைத் திறந்து போட முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை விருந்தினர்கள் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார்கள், நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். தட்டுக்கு அடியில் வைக்கிற ஜெல் விளக்குகளையும் வாங்கியிருந்தேன். சுவரில்லாத இடத்தில் அவை வீண், காற்று ஒரு பக்கம் அணைத்துக்கொண்டே போனது.

அந்த முக்கால் மணி நேரத்தைத் தாங்க வைத்தது ரசம். வடிகட்டிய ரசத்தைப் பெரிய பம்ப் ஃப்ளாஸ்குகளில் ஊற்றி, பேப்பர் கப்போடு வாசலிலேயே வைத்திருந்தோம். பக்கத்தில் ஆப்பிள் சைடர். இங்கே சைடர் என்றால் போதை இல்லாத, வடிகட்டாத ஆப்பிள் சாறுதான். அதில் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டுச் சூடாக்கியது, குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்தது. ரசம் பன்னிரண்டு லிட்டர், முதலில் தீர்ந்தது அதுதான். குளிரில் ஜனங்கள் சூடான திரவத்துக்குத்தான் அலைவார்கள். பழைய மெனுவிலிருந்து விடாமல் வைத்துக்கொண்ட தயிர் சாதத்தை முக்கால்வாசி திரும்பக் கொண்டுவந்தேன். எல்லாச் சாதத்துக்கும் சேர்த்து ஐந்து கிலோ அரிசி, சாம்பார் சாதத்துக்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ. தயிர் சாதத்தைத் தவிர அளவு கச்சிதம். அடுத்த தடவை தயிர் சாதத்துக்குப் போன ஒரு கிலோ அரிசியைக் குறைத்து ரசத்தை இருபது லிட்டராக்குவேன். சின்னப் பிள்ளைகளுக்கு நாலு பீட்சா வாங்கிவிட்டேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை. புளியோதரையில் வேர்க்கடலை போடாமல் தனிக் கிண்ணத்தில் வைத்து எழுதியும் வைத்தோம். வேர்க்கடலை ஒவ்வாமை இருந்த குழந்தையின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காய்கறி, மளிகை, ஐஸ், தட்டு, கப், ரோஸ்டர் எல்லாம் சேர்த்து 640 டாலர் ஆனது. போன அட்வான்ஸையும் கூட்டினால் 1090. கேட்டரர் வந்திருந்தால் 1120 ஆகியிருக்கும். முப்பது டாலர் லாபம் என்று கணவர் கணக்குச் சொன்னபோது அவரை ஒரு பார்வை பார்த்தேன். இரண்டு நாள் லீவையும் என் இடுப்பு வலியையும் அவர் எந்தக் கணக்கில் எழுதினாரோ.

நவம்பரில் வைக்கிறவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், பார்க்கில் விளக்கு இருக்காது. மத்தியானச் சாப்பாடு என்றால் பதினொன்றரைக்கே ஆரம்பியுங்கள். ஹால் எடுப்பதாக இருந்தால் சமையலறை உண்டா என்று கேட்டால் உண்டு என்பார்கள். சமைக்க அனுமதியா, சூடுபண்ண மட்டுமா என்று கேளுங்கள், பல இடங்களில் இரண்டாவதுதான். அந்த இரண்டு ரோஸ்டர்களும் இப்போது எங்கள் வீட்டில் இருப்பதே இல்லை, ஒரு வீட்டு வளைகாப்பு முடிந்தால் அடுத்த வீட்டு சத்யநாராயண பூஜைக்குப் போய்விடுகின்றன. கழுவித் திருப்பித் தந்தால் போதும், யார் வேண்டுமானாலும் வாங்கிப் போகலாம்.